பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, மார்கழித் திருவாதிரைக்குத் திருவாலங்காடு, பொங்கல் லீவில் மெரினா அல்லது பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டத்தில் எளிய குடும்பங்களின் வெளிப்பயணங்கள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். பணம் கொஞ்சம் சேர்ந்த வருடம் ஊட்டியோ கொடைக்கானலோ கூடும். இந்தப் பயணங்களில் பல வீடுகளில் ஒரு குழந்தை மட்டும் விடுபட்டுப்போகிறது. இதயத்தில் ஓட்டையோடு, பிளந்த உதட்டோடு, உள்பக்கம் வளைந்த பாதத்தோடு, முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தை அது. பெற்றோருக்குப் பாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பயத்தாலும் களைப்பாலும், நாலு பேர் கேட்பார்களே என்ற கூச்சத்தாலும் அதைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படி விட்டுப்போவது குழந்தையின் உடல்நலத்தைக் காப்பதில்லை என்பதும், குடும்பத்தோடு வெளியே போய் வருவது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சிகிச்சை எதற்காக?

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. உதட்டுப் பிளவு, அன்னப் பிளவு, வளைபாதம், தண்டுவடப் பிளவு, டவுன் சிண்ட்ரோம், பிறவி இதய நோய், பிறவிக் கண்புரை, பிறவிச் செவிட்டுத்தன்மை, இடுப்பு மூட்டு விலகல், குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் ஆகியவை அதில் பிறவிக் குறைகளாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது. குறை தென்பட்டால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். அறுவை சிகிச்சை தேவையென்றால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு இருக்கிறது, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு நினைத்துப் பார்த்திருக்க முடியாத ஏற்பாடு இது.

ஆனால் இந்த ஏற்பாடு குழந்தையை உறுப்பு உறுப்பாகத்தான் பார்க்கிறது. ஓட்டை அடைபட்டதா, உதடு சேர்ந்ததா, பாதம் நேரானதா என்று கேட்டுக் கோப்பை மூடிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2001-ல் உடல்நலத்தை அளக்க ஒரு புதிய வகைப்பாட்டை வெளியிட்டது. உறுப்பின் நிலை, அந்த உறுப்பால் செய்ய முடிகிற வேலை ஆகியவற்றோடு, வீட்டிலும் ஊரிலும் நடப்பவற்றில் அந்த மனிதர் பங்கெடுக்கிறாரா என்பதையும் அது சேர்த்து அளக்கச் சொல்கிறது. அதை அடியொற்றிக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ரோசன்பாம், யான் வில்லெம் கோர்ட்டர் என்ற இருவர் 2012-ல் எழுதிய கட்டுரை, இயலாமையுள்ள குழந்தையின் சிகிச்சையில் கேட்க வேண்டியவை ஆறு என்றது: செயல்திறன், குடும்பம், உடல் வலு, குதூகலம், நண்பர்கள், எதிர்காலம். குதூகலம் என்பதை ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை பட்டியலில் வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காலை நேராக்குவதே அந்தக் கால் எங்காவது போய் வருவதற்குத்தானே. போக இடமில்லாத காலுக்கு எதற்கு ஆறேழு வாரம் மாவுக்கட்டு?

“குழந்தைக்கு என்ன நினைவிருக்கப்போகிறது?”

விட்டுவிட்டுப் போகிறவர்கள் சொல்லும் முதல் சமாதானம் இது. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் திருத்தணி போனதும் தெரியாது, போகாததும் தெரியாது என்பார்கள். பாதி உண்மைதான். மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பெரியவர்களான பிறகு பெரும்பாலோருக்கு நினைவில் தங்குவதில்லை. ஆனால் நினைவு என்பது குழந்தை தனியாகச் சேர்த்துவைக்கும் சேமிப்பு அல்ல. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ராபின் ஃபிவுஷும், நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் எலைன் ரீஸும் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். நடந்ததைத் தாய் குழந்தையோடு விரிவாகப் பேசப் பேச, “அப்புறம் என்ன ஆச்சு, யார் விழுந்தா, நீ ஏன் அழுத?” என்று கேட்டுக் கேட்டு வளர்க்க வளர்க்க, குழந்தையின் நினைவும் மொழியும் வலுப்பெறுகின்றன என்று கண்டார்கள். 2009-ல் வெளிவந்த ஒடாகோ ஆய்வில், சிறு வயதில் இப்படிப் பேசி வளர்க்கப்பட்டவர்களுக்குப் பதின்பருவத்தில் மற்றவர்களைவிட இளம் வயது நினைவுகள் இருந்தன. ஆகவே பயணம் குழந்தைக்கு நினைவில் நிற்காது என்பதல்ல சிக்கல். பயணத்துக்குப் பிறகு வீட்டில் பல வருடம் ஓடும் பேச்சில் அந்தக் குழந்தைக்கு ஒரு பாத்திரம் இல்லாமல் போவதுதான் சிக்கல். அக்காவும் அண்ணனும் சொல்லிச் சிரிக்கும் கதையில் அது இருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நான்கைந்து வயதுக்குள் இரண்டு, மூன்று அறுவை சிகிச்சை நடந்த பிள்ளைக்கு நினைவுகளே இல்லாமல் இருக்காது. ஊசி, மயக்க மருந்தின் வாடை, வெள்ளைக் கோட்டைக் கண்டு வரும் நடுக்கம் என்று நிறையவே சேரும். வேறு எதுவும் சேராவிட்டால் தன்னைப் பற்றி அது அறிந்த ஒரே கதை ஆஸ்பத்திரிக் கதையாகிவிடும். உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தையை அறுவை முடியும் வரை போட்டோ எடுக்க வேண்டாம் என்று பல வீடுகளில் முடிவுசெய்துவிடுகிறார்கள். கடைசியில் அந்த முதல் மாதங்களின் படம் மருத்துவமனைக் கோப்பில் மட்டும் மிஞ்சும். பின்னாளில் தன் சிறு வயது முகத்தைத் தேடும் பிள்ளை அதை ஒரு நோயாளியின் படமாகத்தான் பார்க்க நேரும். உலகமெங்கும் ஏறக்குறைய 700 குழந்தைகளுக்கு ஒன்று இந்தப் பிளவோடு பிறக்கிறது. மறைத்து வைக்கும் அளவுக்கு அது அபூர்வமும் அல்ல, யாருடைய குற்றமும் அல்ல.

எந்தப் பயம் நியாயமானது?

“கூட்டத்துக்குக் கூட்டிப்போய் ஏதாவது ஆகிவிட்டால்?” என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆபத்துகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அவை குறைக்குக் குறை மாறும். பொதுவான பயம் குழந்தையை வீட்டுக்குள் அடைக்கிறது. குறிப்பான பயமோ எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று காட்டுகிறது. பெற்றோர் முதலாவதைத் தாராளமாகச் சுமக்கிறார்கள். இரண்டாவதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

இதய நோயை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பிறப்பில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது. அவற்றில் பல சிறியவை, தானாகவே மூடிக்கொள்பவையும் உண்டு. அப்படிப்பட்ட குழந்தை எங்கும் போகலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கிற குழந்தையின் கதை வேறு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையைவிடக் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. நீலம் பாரிக்கிற குழந்தைக்கும், நுரையீரல் இரத்த அழுத்தம் கூடியுள்ள குழந்தைக்கும் இதயநோய் மருத்துவரைக் கேட்காமல் இந்த மலைப்பயணம் கூடாது. திருத்தணி மலை இந்தக் கணக்கில் வராது. அங்கே கவலை உயரமல்ல, 365 படி. மேலே வரை வண்டி போகச் சாலை இருக்கிறது, அதில் போகலாம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் விடுவது நீலக் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. அதன் இரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும், உடல் வறண்டால் உறைகட்டி ஏற்படலாம். அழுது அழுது திடீரென்று அதிகமாக நீலம் பாரித்தால் முழங்கால்களை மடக்கி மார்போடு அணைத்துப் பிடித்தபடி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட தாய் திருவிழாவுக்கும் போகலாம். தெரியாத தாய்க்கு வீட்டுக்குள்ளேயும் பாதுகாப்பில்லை.

தண்டுவடப் பிளவோடு பிறந்து காலில் உணர்ச்சியில்லாத பிள்ளைக்குச் சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல் எதிரி. சூடு தெரியாமல் பாதம் வெந்துபோகும். கடற்கரை மணலும் அப்படியே. இறக்கி விடுவதற்கு முன் பெரியவர்கள் தங்கள் கையால் தரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ரப்பர் பாலில் செய்த பொருள்கள் ஒவ்வாமை தரும். ஆகவே திருவிழாக் கடையில் எதை வாங்கிக் கொடுத்தாலும் பலூன் வேண்டாம். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டியிருந்தால், வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே என்று பார்த்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும். மூளையில் தேங்கும் நீரை வடிக்கத் தலையில் ஷண்ட் குழாய் பொருத்தியிருக்கும் குழந்தை பயணத்தில் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்து, தலைவலி என்று சொல்லி, தூங்கி வழிந்தால் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழத்தை மோக்கக் கொடுத்து உட்கார வைத்துவிடக் கூடாது. குழாய் அடைத்திருக்கலாம்; அது அவசர நிலை.

மற்றவை சுலபம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் சிலருக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்வாக இருக்கும் என்பதால், தலையை உலுக்கிச் சுழற்றும் ராட்டினம் வேண்டாம். அன்னப் பிளவு அறுவை நடந்த பிறகு மருத்துவர் சரி என்று சொல்லும் வரை முறுக்கும் கரும்பும் கூடாது. காது கேட்பதற்காகக் காக்ளியர் கருவி வைத்த பிள்ளை கடலில் இறங்கும் முன் வெளிக்கருவியைக் கழற்றி வைக்க வேண்டும். வளைபாதத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். பொன்செட்டி முறையில் மாவுக்கட்டு முடிந்ததும் கம்பி இணைத்த ஷூவை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், அதன்பின் நாலைந்து வயது வரை தூங்கும்போதும் போட வேண்டும். திருத்திய கால் மறுபடி வளைவதற்கு முதன்மைக் காரணம் இந்த ஷூவைப் போடாமல் விடுவதுதான். உறவினர் வீட்டில் நாலு நாள் தங்கும்போது “பாவம், தூங்கட்டும்” என்று கழற்றிவிடுவார்கள். லீவு குடும்பத்துக்குத்தான், ஷூவுக்கு இல்லை.

தொற்று பற்றிய பயத்துக்குப் பதில் தடுப்பூசி. அட்டவணைப்படி போட்டு முடித்திருக்க வேண்டும். இதயக் குறையுள்ள குழந்தைக்கு நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவைக்கு முந்தைய, பிந்தைய வாரங்களில் நெரிசலைத் தவிர்ப்பது நியாயம். அந்தச் சில வாரக் கட்டுப்பாட்டை ஆறு வருடத்துக்கு நீட்டுவதில் மருத்துவம் எதுவும் இல்லை.

ஊர்க்கண்

வெளியே சொல்லப்படாத காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கல்யாண வீட்டில் குழந்தையைப் பார்த்ததும் கேள்வி தாயிடம் வரும். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, மாசமாக இருந்தபோது காய் நறுக்கினாயா, என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்பார்கள். கிரகணத்துக்கும் உதட்டுப் பிளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிறவிக் குறைகளில் ஏறக்குறைய பாதிக்குக் குறிப்பான ஒரு காரணத்தைச் சொல்ல முடியாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. மீதியில் மரபணு, நெருங்கிய சொந்தத்தில் திருமணம், தாயின் கட்டுப்படாத சர்க்கரை, ருபெல்லா, சில மருந்துகள், ஊட்டக்குறைவு எனப் பல உண்டு. தண்டுவடப் பிளவைப் பொறுத்தவரை, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வது ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். அத்தகைய குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்க்கு மருத்துவர் அதைவிட அதிக அளவைச் சொல்வார். கரு உண்டான நான்கு வாரத்துக்குள் தண்டுவடம் மூடிவிடுவதால், நாள் தள்ளிப்போனது தெரிந்தபின் தொடங்கும் மாத்திரை இதற்குப் பெரும்பாலும் தாமதம். அடுத்த பிள்ளைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பிறந்துவிட்ட பிள்ளைக்காகத் தாயைக் கூண்டில் நிறுத்த அல்ல.

குழந்தையை ஊர்க்கண்ணிலிருந்து காப்பதாக நினைத்து மறைக்கும்போது, மறைக்க வேண்டிய ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று அதற்குக் கற்றுத் தருகிறோம். திருவாலங்காட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. அழகை உதறி, கண்டவர் அஞ்சி விலகும் பேயுருவைக் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையாரை இறைவனே அம்மை என்று அழைத்ததாகப் புராணம் சொல்கிறது. அவர் வந்து சேர்ந்த இடம் இந்த ஊர். அந்தச் சந்நிதியில் கைகூப்பிவிட்டு, வெளியே வந்து ஒரு குழந்தையின் உதட்டை உற்றுப் பார்ப்பவர்கள்தாம் கூச வேண்டும்.

லீவும் காசும்

கடைசி ஆட்சேபம் நேர்மையானது, பதில் சொல்லக் கடினமானது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை. இருக்கிற லீவெல்லாம் எழும்பூர் போய்வரவே சரியாகிவிடுகிறது. இவர்களிடம் போய் உல்லாசப் பயணம் போங்கள் என்றால் கேலியாகத்தான் இருக்கும். பயணம் தூரமாக இருக்க வேண்டியதில்லை என்பது என் பதிலில் ஒரு பாதி. மின்சார ரயிலில் ஆஸ்பத்திரிக்குப் போகும் அதே நாளில் மாலையில் ஒரு மணி நேரம் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணையாளுக்கும் 2021 முதல் கட்டணமில்லை. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத மாற்றுத்திறனாளிகளில் கை கால் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு போன்ற பிரிவினருக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் துணையாளுக்கும் சேர்த்து 75 சதவீதச் சலுகை உண்டு. இவற்றுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோ உரிய மருத்துவச் சான்றோ வேண்டும். “பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள்” என்று அட்டை வாங்கத் தயங்கும் குடும்பங்கள் இழப்பது இதைத்தான்.

மறுபாதி அரசின் பொறுப்பு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் பங்கேற்பதை 29-ஆம் பிரிவில் உரிமையாகவே வைத்திருக்கிறது. சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி அலை வரை போக நிரந்தர மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் சேதமடைந்து பின்னர் செப்பனிடப்பட்டது. அதற்கு முன் ஆண்டுக்கொருமுறை சில நாள் போடும் தற்காலிகப் பாதைதான். பழவேற்காட்டுக்கும் பூண்டி நீர்த்தேக்கத்துக்கும் திருவாலங்காட்டுக் கோயில் வாசலுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஒரு சாய்தளம், ஒரு அகலமான கழிப்பறைக் கதவு, வெயிலில் காலடிக்கு ஒரு தேங்காய் நார் விரிப்பு, இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. மருத்துவமனைகளுக்கு அதுவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துகளுக்குக் கீழே இன்னும் இரண்டு வரி போதும்: இந்தக் குழந்தை எங்கெல்லாம் போகலாம், போகும்போது எதைக் கவனிக்க வேண்டும். அது எழுதப்படும் வரை, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பெற்றோர்களே கேளுங்கள்: “பொங்கலுக்குப் பழவேற்காடு போறோம் டாக்டர், இவளையும் கூட்டிப்போறதுக்கு என்ன செய்யணும்?”