ஸ்கூட்டர் வேரியேட்டர் கிராங்கில் இறுகிவிட்டதா? சுத்தியலை எடுக்கும் முன் இதைப் படிங்க

2023 அக்டோபர் 14 இரவு திருவனந்தபுரத்தில் கொட்டிய மழையை நகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தெற்றியாறும் ஆமையிழஞ்சான் தோடும் பொங்கி, டெக்னோபார்க் பகுதி உட்படப் பல இடங்களில் தண்ணீர் புகுந்தது. இப்படி ஒவ்வொரு மழைக்கும் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்கள் நனைகின்றன. வெயில் அடித்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். "பரவாயில்ல, தப்பிச்சுட்டோம்" என்று நினைப்போம்.

சிக்கல் தெரிவது பல மாதம் கழித்து. பெல்ட் மாற்றுவதற்காக இடது பக்க மூடியைத் திறந்தால், கிராங்க்ஷாஃப்டில் இருக்கும் முன்புற புல்லி அசையவே அசையாது. நட்டு கழன்றுவிட்டது, புல்லி மட்டும் வர மறுக்கிறது. அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து, செலவு நூறுகளில் முடியுமா, ஆயிரங்களில் போகுமா என்பது முடிவாகும்.

அங்கே உள்ளே என்ன இருக்கு?

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு புல்லிகளும், அவற்றை இணைக்கும் ஒரு பெல்ட்டும் உண்டு. பின்புற புல்லியோடு கிளட்ச் இருக்கும். முன்புற புல்லிதான் வேரியேட்டர். அது எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட் மீது நேரடியாக உட்கார்ந்திருக்கும். வேகம் கூடும்போது உள்ளே இருக்கும் ரோலர்கள் வெளியே தள்ளப்பட்டு, புல்லியின் ஒரு முகத்தை இன்னொன்றை நோக்கி நெருக்கும். பெல்ட் மேலேறும், கியர் விகிதம் தானாக மாறும்.

நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-ல் இதே தத்துவத்தைக் காரில் வைத்தது. இந்தியாவில் 1984-ல் வந்த கைனெட்டிக் ஹோண்டா மூலம் இது வீடுகளுக்குள் நுழைந்தது. குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகள் ஓட்டும் பனி ஸ்கூட்டரிலும் இதே ஏற்பாடுதான். அங்கே மெக்கானிக்குகள் முன்புற புல்லியையே கிளட்ச் என்பார்கள்.

ஏன் இறுகுது?

புல்லியின் வெளிப்பக்க முகம் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. கிராங்க் எஃகு. இரண்டும் பல் பல்லான ஸ்ப்ளைன் வழியாகப் பொருந்தியிருக்கும். வேறு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால், அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகும், எஃகு துருப்பிடிக்கும். இரண்டுமே பழைய உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். இருக்கிற இடுக்கில் அவை வீங்கும்போது பொருத்தம் ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடும். சங்குமுகம், வலியதுறை, பூந்துறை போன்ற கடலோரப் பகுதிகளில் வெள்ளமே வேண்டாம், உப்புக் காற்றே போதும்.

அடிச்சா என்ன ஆகும்?

ஸ்கூட்டர் கிராங்க்ஷாஃப்ட் ஒரே துண்டு இல்லை. இரண்டு பாதிகளை நடுவில் ஒரு பின்னால் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். முனையில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்தப் பாதிகள் நேர்க்கோட்டிலிருந்து விலகலாம். பேரிங்கின் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழலாம். முனையின் மரை நசுங்கலாம். அதன்பிறகு கிராங்க் மாற்ற வேண்டும் என்றால் எஞ்சினையே இறக்கி, இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் கேடு. புல்லி சுற்றாமல் இருக்க, அதன் விசிறி இதழ்களுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகுவது. இதழ் உடையும். இறுகிய புல்லி இப்போது உடைந்த, இறுகிய புல்லி. புல்லரின் கால் பிடிக்க இடமும் போச்சு.

சரியான வரிசை என்ன?

முதலில், எந்தப் பாகம் போனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்யுங்கள். புல்லியின் முகம் கடையில் தனியாகக் கிடைக்கும் உதிரி. கிராங்க் அப்படியில்லை. இந்த வேலையில் ஒவ்வொரு முடிவும் கிராங்கைக் காப்பாற்றும் முடிவாக இருக்க வேண்டும்.

ஒன்று, ஊற விடுங்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயை ஸ்ப்ளைன் தெரியும் இடத்தில் அடித்து ஓர் இரவு விடலாம். காலையில் மறுபடி அடிக்கலாம். பெல்ட்டில் படாமல் துணி சுற்றிக்கொள்ளவும். "இன்னைக்கே வேணும்" என்ற அவசரம்தான் பாதி கிராங்குகளைக் கொல்கிறது.

இரண்டு, மரையைக் காப்பாற்றுங்கள். புல்லியை அதற்கான ஹோல்டரால் பிடித்து, நட்டைக் கழற்றிய பின், முனையோடு சமமாக வரும்வரை நட்டைத் திரும்ப ஏற்றி வையுங்கள். புல்லர் திருகு முனையில் அழுத்தும்போது மரை விரியாது. நடுவில் சின்னப் பித்தளைத் துண்டு வைத்தால் இன்னும் நல்லது.

மூன்று, விளிம்பை இழுக்காதீர்கள். மெல்லிய விளிம்பில் கால் மாட்டினால் அது வளையும், உடையும். உள்பக்க முகத்தை எஞ்சின் பக்கம் தள்ளினால் நடுவில் இடைவெளி கிடைக்கும். அங்கே பேரிங் செப்பரேட்டர் என்ற இரட்டைத் தகட்டை நுழைத்து, மையக் குடத்துக்கு அருகே பிடிக்கலாம். விளிம்பு ஏற்கெனவே உடைந்த புல்லிக்கும் இதுதான் வழி.

நான்கு, இழுத்துவிட்டுக் காத்திருங்கள். புல்லரை நன்றாக இறுக்கிய பிறகு, குடத்தின் பக்கவாட்டில் செப்பு அல்லது பித்தளைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டுங்கள். கிராங்க் முனையில் தட்டக் கூடாது. அந்த அதிர்வில் துரு விரிசல் விடும். மறுபடி கால் சுற்று, மறுபடி தட்டு. விடும்போது புல்லி சட்டென்று துள்ளி வரும், முகத்தை நேரே வைக்காதீர்கள்.

ஐந்து, சூடு. அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 20 மி.மீ. துளை 100 டிகிரி சூடேறினால் அலுமினியத்தில் சுமார் 0.046 மி.மீ., எஃகில் 0.024 மி.மீ. பெரிதாகும். இந்த வித்தியாசம் தலைமுடித் தடிமனைவிடக் குறைவு. ஆனால் துருவின் பிடி தளர அது போதும். ஹீட் கன் பயன்படுத்துங்கள், கேஸ் சுடர் வேண்டாம். பின்னாலேயே ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது. அடித்த ஸ்ப்ரேயைத் துடைத்த பிறகே சூடு, பெட்ரோல் டேங்க் உள்ள வண்டி என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எதுக்கும் அசையலைன்னா?

வெட்டுவதுதான் கடைசி வழி. புல்லியின் குடத்தில் கிரைண்டரால் நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து, கிராங்கைத் தொடும் முன்பே நிறுத்த வேண்டும். மிச்சம் இருக்கும் மெல்லிய சுவரை உளியால் விரித்தால் பிடி விட்டுவிடும். தீப்பொறி பறக்கும் வேலை இது. டேங்கைக் கழற்றி, சுற்றிலும் ஈரத்துணி போட்டு, கண்ணாடி அணிந்து, அனுபவம் உள்ளவர் செய்ய வேண்டியது.

எஞ்சினின் மறுபக்கம் இருக்கும் மேக்னட் வீலுக்கு இந்த முறை பொருந்தாது. அது சரிவான கூம்பில் உட்கார்ந்திருக்கும், அதற்கென்றே மரையுள்ள தனிப் புல்லர் உண்டு. பனி ஸ்கூட்டர் கிளட்சும் கூம்பில்தான் இருக்கிறது. அங்கே புல்லர் போல்ட்டாலும் வராதபோது, துளைக்குள் கிரீஸ் நிரப்பி, போல்ட்டில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்குவார்கள். கிரீஸ் ஜாக்கி மாதிரி கிளட்சைத் தள்ளும்.

திரும்ப மாட்டும்போது?

ஸ்ப்ளைனைப் பித்தளை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கிரீஸை மிக மெல்லியதாகத் தடவலாம். பெல்ட் ஓடும் முகத்தில் ஒரு துளிகூடக் கூடாது, பெல்ட் வழுக்கும். கூம்புப் பொருத்தம் என்றால் கிரீஸே கூடாது, உலர்வாகத்தான் உட்கார வேண்டும். நட்டை கம்பெனி சொன்ன டார்க் அளவுக்கு, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். தளர்ந்த நட்டு ஸ்ப்ளைனைத் தின்றுவிடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளையும். தண்ணீர் வடிந்த ஓரிரு நாளில் இடது மூடியைத் திறந்து, உலர்த்தி, புல்லியைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது, சொந்த வாகனச் சேதத்துக்கான கவர் வேண்டும்.

வர்க்‌ஷாப்பில் விட்டாலும் ஒரு கேள்வி கேட்கலாம்: "அண்ணா, புல்லர் இருக்கா?" இல்லை என்று பதில் வந்தால், வண்டியை வேறு இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதே லாபம்.