பாபநாசம் களஞ்சியமும் டென்மார்க் கப்பலும்: உலகப் பாடத்தை எங்கிருந்து தொடங்கலாம்?

ஆறாம் வகுப்பில் ஆசியாவும் ஐரோப்பாவும், ஏழில் இரு அமெரிக்காக்களும், எட்டில் ஆப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றே ஆண்டுகளில் உலகத்தைச் சுற்றி முடித்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு வரலாறு முதல் உலகப் போரிலேயே தொடங்குகிறது. பாடம் நடக்க நடக்கப் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும்: "இதெல்லாம் நமக்கு எதுக்கு சார்?" தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவிலுள்ள பாபநாசத்தில் இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

களஞ்சியம் கட்டிய அரசர்

திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயில் வளாகத்தில் செங்கல்லால் ஆன வட்ட வடிவ நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. உயரம் சுமார் 36 அடி. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்துக் கட்டடம் இது. உள்ளூர்ப் பிள்ளைகள் அறிந்த வரலாறு பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகிறது.

அதே அரசர்தான் 1620இல் டென்மார்க்குடன் உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் வணிகம் நடத்தவும் கோட்டை கட்டவும் இடம் கொடுத்தார். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கி அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ கெத்த என்ற கடற்படைத் தளபதி முதலில் இலங்கையில் காலூன்றப் பார்த்தார். அங்கே காரியம் கைகூடாமல்தான் தஞ்சைக் கடற்கரைக்கு வந்தார். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு இரகுநாதர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் தொடங்கியிருந்த நேரம். மேஃபிளவர் கப்பல் வட அமெரிக்கக் கரையை அடைந்ததும் அதே 1620இல்தான்.

நாகப்பட்டினத்தில் ஏற்கெனவே போர்ச்சுகீசியர் இருந்தார்கள். அப்படியிருக்க, இன்னொரு ஐரோப்பிய நாட்டுக்கு அரசர் ஏன் இடம் தந்தார்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினாலே மிளகு வணிகம், துணி ஏற்றுமதி, கடல் வழிகள், ஐரோப்பியப் போட்டி என்று பாடநூலின் பாதி விரிந்துவிடும்.

குறத்தி சொன்ன பூகோளம்

தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்கு என்ற மிஷனரி வந்தார். அவர் தொடங்கிய மிஷன் பணியின் வழியில் பின்னாளில் தஞ்சைக்கு வந்தவர் சுவார்ட்ஸ். தஞ்சை மராட்டிய அரசர் துளஜா, தாம் தத்தெடுத்த பிள்ளையை அவர் பொறுப்பில் விட்டார். அந்தப் பிள்ளைதான் 1798இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி.

ஐரோப்பியக் கல்வியும் மரபுக் கல்வியும் ஒருசேரப் பெற்ற சரபோஜி, அரண்மனையில் நவவித்யா கலாநிதி என்ற கல்விக்கூடத்தையும் அச்சகத்தையும் நடத்தினார். ஈசாப் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பு 1806இல் அங்கே அச்சானது. அதைவிட வியப்பு அவர் பெயரில் உள்ள 'தேவேந்திரக் குறவஞ்சி'. உலகப் புவியியலைப் பாட்டாகச் சொல்லும் மராத்தி நாடகம் அது. சரஸ்வதி மகால் நூலகம் 1950இல் அதைப் பதிப்பித்தது.

பூகோளம் சொல்ல அவர் குறவஞ்சியைத் தேர்ந்தது பொருத்தமானது. குறத்தி ஊர் ஊராய்த் திரிபவள். தான் கண்ட மலையையும் நாட்டையும் அடுக்கிச் சொல்வது அந்த நாடக மரபிலேயே உண்டு. குற்றால மலைவளம் பாடும் குறத்தி இருக்கும்போது, கண்டங்களைப் பாட ஒரு குறத்தி வரக்கூடாதா? சுவார்ட்ஸிடம் வளர்ந்த இன்னொருவரான வேதநாயக சாஸ்திரியாரும் 1800இல் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். புதிய பாடம் ஊரார் காதுக்குப் பழகிய வடிவத்தில் வந்தது.

ஆனால், இந்தக் கல்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1799இல் ஆட்சிப் பொறுப்பு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட, மல்லிப்பட்டினம் அருகே 1814இல் மனோரா கோபுரத்தை எழுப்பியதும் இதே சரபோஜிதான். ஆட்சியை இழந்தவர், ஆட்சியை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்கு நினைவுச்சின்னம் கட்டியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி நடத்தும்போது இதைச் சொன்னால் வகுப்பில் விவாதம் தானே கிளம்பும்.

மணிமேகலைக்கு வந்த உதவி

இலக்கியத்துக்கும் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1855இல் பிறந்த உத்தமதானபுரம் பாபநாசத்தை ஒட்டிய ஊர். கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றியபோது மணிமேகலையைப் பதிப்பிக்க முனைந்தார். பௌத்தக் கருத்துகள் பிடிபடவில்லை. விளக்கம் சொல்லப் பௌத்தர்களும் சுற்றுவட்டாரத்தில் இல்லை. ஓல்டன்பர்க், ரைஸ் டேவிட்ஸ் போன்ற ஐரோப்பிய அறிஞர்களின் ஆங்கில நூல்களைப் படித்து, கல்லூரியில் உடன் பணியாற்றிய ரங்காசாரியார் அவருக்கு விளக்கினார். 1898இல் மணிமேகலை பதிப்பு வெளிவந்தது. தமிழ்க் காப்பியம் ஒன்றைப் புரிந்துகொள்ளவே உலக அறிவு தேவைப்பட்டிருக்கிறது.

வகுப்பில் என்ன செய்யலாம்?

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். கரும்பலகையில் காலக்கோடு வரையும்போது ஒரு பக்கம் உலகம், மறுபக்கம் தஞ்சை என்று இரு வரிசை எழுதினால் போதும்: 1620, 1706, 1799, 1814. உலக வரைபடத்தில் கோபன்ஹேகனையும் தரங்கம்பாடியையும் குறிக்கச் சொல்லி, சூயஸ் கால்வாய் இல்லாத காலத்தில் கப்பல் எந்த வழியாக வந்திருக்கும் என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி விரலை நகர்த்திப் பார்த்த பிள்ளைக்கு நன்னம்பிக்கை முனையை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காலக்கோடும் வரைபடமும் எப்படியும் தேர்வில் வருபவை. அவற்றுக்காகச் செலவிடும் நேரத்தையே இப்படித் திருப்பிக்கொண்டால், மதிப்பெண்ணும் குறையாது. பின்வரிசைக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.