மோட்டார் சைக்கிள் சங்கிலியைப் பேணும் முறை

நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் பாதையிற் கந்தப்பளையைக் கடந்தோர், அவ்விடத்து மூடுபனியையும் மழையையும் நன்கறிவர். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். தேயிலைத் தோட்டங்களுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் பிரியும் வழிகளோ மழைக்காலத்திற் சேறு நிறைந்தவை. அத்தகைய ஏற்றமொன்றில் ஒருநாள் எமது மோட்டார் சைக்கிளின் சங்கிலி அறுந்தது. பின்னோக்கி உருண்ட வண்டி தேயிலைச் செடிகளிற் சாய்ந்தமையாற் பிழைத்தோம், மறுபுறம் பள்ளம். எண்ணெய் இடாமையால் நேர்ந்ததன்று அது. சேற்றின்மேல் எண்ணெய் இட்டு வந்தமையால் நேர்ந்தது.

1880ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பார் காப்புரிமை பெற்ற உருளைச் சங்கிலியின் அமைப்பே இன்றும் வழங்குகின்றது: ஆணி, அதனைச் சூழ்ந்த குழல், குழலின்மேற் சுழலும் உருளை. சங்கிலி நீண்டுவிட்டது என்கின்றோமே, உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. ஆணியும் குழலும் உராய்ந்து தேய்வதால் ஒவ்வொரு கணுவிலும் உண்டாகும் சிறு இடைவெளிகள் ஒன்றுசேர்ந்தே அந்நீளமாகின்றன. சேறும் எண்ணெயும் கலந்தாலோ அரத்தூள் போன்றதொரு குழம்பாகித் தேய்வை விரைவுபடுத்தும்.

ஆதலின் முதலில் மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையுங் கொண்டு கழுவித் துடைத்தல் வேண்டும். இக்காலச் சங்கிலிகள் பலவற்றில் ஆணிக்குரிய கிறீஸை உள்ளே அடைத்து வைக்கும் இறப்பர் வளையங்கள் உள. பெற்றோலும் கம்பித் தூரிகையும் அவற்றைக் கெடுக்கும். பின்னர், ஓடி வந்த சூடு ஆறுமுன், பின்சில்லைக் கையாற் சுழற்றி, கீழ்ப்புறச் சங்கிலியின் உட்பக்கத்திற் கியர் ஒயிலைத் துளித்துளியாக இடுக. சுழற்சி அதனை வெளிநோக்கிப் பரப்பும். எஞ்சினை ஓடவிட்டு இதனைச் செய்தல் விரல்களை இழப்பதற்கு வழி. இரவு முழுதும் ஊறவிட்டுக் காலையில் மிகுதியைத் துடைத்துவிடுக. ஐந்நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை போதும். மழையில் நனைந்தால் அன்று மாலையே செய்க. கராஜிற் காசின்றிக் கிடைக்கும் கழிவு ஒயிலில் இரும்புத்துகள் கலந்திருக்கும், அது வேண்டா.

தொய்வின் அளவு வண்டிக் கைந்நூலில் உண்டு. சில்லைச் சுழற்றி, சங்கிலி மிக இறுகியிருக்கும் இடத்திலேயே அதனை அளத்தல் வேண்டும். சிறிய வண்டிகளின் சங்கிலியில் இருபது கணுக்கள் 254 மில்லிமீற்றர். அது 259ஐ எட்டின் சங்கிலியோடு இரு பற்சக்கரங்களையும் மாற்றுக. பழைய பற்களிற் புதிய சங்கிலி நெடுநாள் உழைக்காது. இணைப்புக் கொளுவியின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும்.