காத்து நிற்கும் விமானம் கக்கும் புகை

மும்பையில் குர்லா, ஜரிமரி, சாகிநாகா பக்கம் குடியிருப்போருக்கு விமான இரைச்சல் பழகிப்போன ஒன்று. கூடவே வரும் மண்ணெண்ணெய் நெடியும் அப்படித்தான். தரையில் முறைக்காகக் காத்து நிற்கும் விமானங்களுக்கு அந்த நெடியில் பெரும் பங்கு உண்டு.

ஜெட் என்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது எரிபொருள் அநேகமாக முழுவதும் எரிந்துவிடும். நின்றபடி மெல்ல ஓடும்போது எரிவது அரைகுறைதான். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும், எரியாத எரிபொருள் ஆவியும் வெளியேறுகின்றன.

ஏட்டுக் கணக்கு

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1981-ல் இதற்கு விதி வகுத்தது. அதன் கணக்குப்படி, ஒரு விமானம் இறங்கி ஏறுவதற்குள் 26 நிமிடம் தரையில் மெல்ல ஓடுகிறது; என்ஜினின் விசை அப்போது 7 சதவீதம். போயிங் 737 ரக விமானத்தின் ஒரு என்ஜின் அந்த நேரத்தில் சுமார் 175 கிலோ எரிபொருளைக் குடித்துவிடும். ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் நச்சு வாயு என்பதை, உற்பத்தியாளர் சோதனை மேடையில் என்ஜினை ஓட்டி அளந்து தருகிறார்.

நேரில் அளந்தபோது

ஐரோப்பிய விமான நிலையங்களில் விஞ்ஞானிகள் புகையையே நேரில் அளந்தார்கள். ஒவ்வொரு வாயுவும் அகச்சிவப்பு ஒளியில் தனக்குரிய அலைநீளத்தை மட்டுமே விழுங்கும். தள்ளி வைத்த கருவி அதைக் கொண்டு வாயுக்களை இனம் பிரித்தது. விமானத்தை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. புகையிலுள்ள கரியமில வாயு எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்பதைக் காட்டிவிடும். இப்படிப் பல வகை என்ஜின்களை அளந்ததில், கார்பன் மோனாக்சைடு ஏட்டுக் கணக்கைவிட அதிகமாகவும், நைட்ரஜன் ஆக்சைடு குறைவாகவும் இருந்தன.

இது வெறும் கணக்கு விவகாரமல்ல. கலிபோர்னியாவின் 12 பெரிய விமான நிலையங்களைப் பற்றிய ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. விமானங்கள் தரையில் நெடுநேரம் காத்திருந்த நாட்களில், சுற்றுப்புறத்து ஆஸ்துமா, இருதய நோயாளிகள் மருத்துவமனையை நாடுவது கூடியதாக அது கண்டது.

மும்பையின் இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது. நெரிசல் வேளையில் வரிசை நீளும்.

வழி இருக்கிறது

முறை வரும்வரை என்ஜினை அணைத்து நிறுத்தலாம். ஒரே என்ஜினில் ஊர்ந்து செல்லலாம். 2019-ல் தில்லியில் ஏர் இந்தியாவின் பயணிகள் விமானத்தை, என்ஜின் ஓடாமலே ‘டாக்சிபாட்’ என்னும் இழுவை வண்டி ஓடுபாதைப் பக்கம் இழுத்துச் சென்றது.

அளவு கருவியை விமான நிலையச் சுவரை ஒட்டி வைத்தால், மறுபுறம் குடியிருக்கும் உழைப்பாளி எதைச் சுவாசிக்கிறார் என்பதும் கணக்கில் ஏறும்.