அறுவை ஒன்றே வழியா?

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் வீடே கலங்கிப் போகிறது. "உடனே அறுத்தெறியுங்கள்" என்பார் ஒருவர்; "கத்தி பட்டால் பரவிவிடும்" என்பார் மற்றொருவர். ஆங்கில அறிக்கைக்குப் பொருள் சொல்லும் கடமையோ கல்லூரிக்குச் சென்ற பிள்ளையின் தலையில் விழுகிறது. கோலார் தங்கவயலில் எனக்கு அது வந்தது. நாளை உங்களுக்கும் வரலாம்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்துள்ள சிறு சுரப்பி. முதுமையில் அதில் புற்று தோன்றுவதுண்டு. சுரப்பியைத் தாண்டாத வரை அது தொடக்கநிலை. அந்நிலையில் வழிகள் மூன்று.

முதலாவது, கண்காணிப்பு. வீரியம் குறைந்த புற்று மிக மெதுவாக வளரும். குறித்த காலத்தில் பி.எஸ்.ஏ. இரத்தச் சோதனை, ஸ்கேன், திசுச் சோதனை செய்து, நோய் முன்னேறினால் மட்டுமே மருத்துவம் தொடங்குவர். "சும்மா இருப்பதும் ஒரு வைத்தியமா?" என்று சினந்தார், சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த என் பெரியப்பா. "பாறை வெடிப்பை அறியக் கருவி வைத்துக் காத்தார்களே, அது சும்மா இருந்ததா?" என்றேன். சிரித்துவிட்டார்.

இரண்டாவது, சுரப்பியை முழுதும் அகற்றும் அறுவை. சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் பின்தொடரலாம். மூன்றாவது, கதிர்வீச்சு. உறுப்பை அகற்றுவதில்லை, ஆயினும் குடல் தொல்லையும் ஆண்மைக் குறைவும் நேரலாம். சிலருக்கு ஹார்மோன் மருந்தும் சேர்ப்பர்.

எது சிறந்தது? பிரிட்டனில் 1,643 பேரை இம்மூன்று வழிகளுக்கும் பிரித்து, ஏறத்தாழ 15 ஆண்டுகள் கவனித்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்நோயால் இறந்தோர் கண்காணிப்பில் நூற்றுக்கு 3.1, அறுவையில் 2.2; கதிர்வீச்சில் 2.9. பெரிய வேறுபாடில்லை. ஆனால் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4; மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 5. அதாவது, சிந்தித்து முடிவு செய்ய நேரம் உண்டு. சோதனையைத் தவறவிடத்தான் உரிமை இல்லை.

எங்களுக்கு இடர் அங்கேதான். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் நிலையத்துக்குச் சென்றுவர ஒரு நாள் கூலி போகும். அடிக்கடி வர இயலாதவருக்குக் கண்காணிப்பு எளிய வழியன்று.

ஆகவே மருத்துவரிடம் கேளுங்கள்: கிளீசன் மதிப்பெண் என்ன? புற்று சுரப்பிக்குள் அடங்கியுள்ளதா? எத்தனை முறை வரவேண்டும்? ஒவ்வொரு வழியிலும் அன்றாட வாழ்வு எப்படி மாறும்? விடைகளைத் தமிழில் பெரியவரிடம் சொல்லுங்கள். உடல் அவருடையது; முடிவும் அவருடையதே. அவரை வெளியே அமர்த்திவிட்டு நாம் மட்டும் உள்ளே பேசுவது அன்பாகாது.