அரசு கடிதத்தில் 'கொக்கி' எழுத்து ஏன்? யூனிகோடு உத்தரவு சொல்வது என்ன?

சென்னை:
அரசு அலுவலகத்தில் இருந்து மெயிலில் தமிழ்க் கடிதம் வருகிறது. திறந்தால் ஆங்கில எழுத்தும், கமாவும், கொக்கியும்தான் தெரிகிறது. "என்ன சார் இது, வைரசா?" என்று கேட்டால், "அந்த பாண்ட் உங்க கம்ப்யூட்டர்ல இல்லீங்க" என்று பதில் வரும்.

இந்த தொல்லைக்கு முடிவு கட்டத்தான் தமிழக அரசு 2010-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி ஓர் உத்தரவு போட்டது. கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாள் அது. இனி அரசுப் பணிகளில் யூனிகோடுதான் தமிழுக்கு பொது முறை, அது வேலை செய்யாத இடத்தில் மட்டும் 'டேஸ்-16' என்பதே அந்த உத்தரவு.

கம்ப்யூட்டரை ஏமாற்றும் பாண்ட்

பாமினி போன்ற பழைய பாண்டில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். ஆனால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் இந்த ஐந்தும்தான் வந்து நிற்கும்.

ஆளுக்கொரு பாண்ட், ஆளுக்கொரு முறை என்று இருந்ததால், 1999-ம் ஆண்டு 'டாம்', 'டாப்' என்ற 2 முறைகளை அரசு அறிவித்தது. அதற்கும் அதற்கான பாண்ட் தேவைப்பட்டது.

யூனிகோடில் அந்த வம்பு இல்லை. 'அ' என்றால் உலகம் முழுக்க 2949 என்ற எண்தான். சென்னையில் அடித்து சிங்கப்பூரில் திறந்தாலும் 'அ'தான். இதற்காக யாருக்கும் காசு கட்ட வேண்டாம். மின் ஆளுமைக்கான பொதுத்தரங்கள் ராயல்டி இல்லாமல் கிடைக்க வேண்டும் என்று மத்திய அரசும் 2010 நவம்பரில் கொள்கை வகுத்தது.

மக்களுக்கு என்ன லாபம்?

நீளமான பயனாளிகள் பட்டியலில் உங்கள் பெயரை அடித்தால் உடனே தேடி எடுக்கலாம். பழைய பாண்டில் இருந்தால் பெயர் பட்டியலில் இருந்தும் "இல்லை" என்றே கம்ப்யூட்டர் சொல்லும். பார்வையற்றவர்களுக்கு படித்துக் காட்டும் சாப்ட்வேரும் தடுமாறும்.

உத்தரவு வந்ததும் பழைய கோப்புகள் தானாக மாறி விடாது. ஒவ்வொன்றையும் மாற்றி, பிழை பார்த்து ஏற்ற வேண்டும். பேப்பரில் அச்சடித்தால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், குறை அதிகாரிகள் கண்ணில் படுவதே இல்லை.

தகவல் உரிமைச் சட்டப்படி, கேட்ட வடிவத்திலேயே தகவலைத் தருவதுதான் பொது விதி. அதற்கு அளவுக்கு மீறிய சிரமம் ஏற்பட்டால் விலக்கு உண்டு. எனவே மனு எழுதும்போது "யூனிகோடு கோப்பாக தரவும்" என்று ஒரு வரி சேர்த்துக் கொள்வது நல்லது.