ஊசியும் நூலும் உலகைச் சுற்றின!

பம்பாய்த் துறைமுகத்தில் நம் நாட்டுத் தச்சர்கள் கையால் இழைத்துக் கட்டிய தேக்குப் படகு ஒன்று உலகையே சுற்றி வந்து சரித்திரம் படைத்தது. மும்பையில் வாழும் தமிழர்களில்கூடப் பலர் இதை அறிந்திருக்க மாட்டார்கள். அந்தப் படகின் பெயர் 'சுஹைலி'. நீளம் 32 அடி. 1964-ல் நீரில் இறக்கப்பட்டது.

1968 ஜூன் 14-ந் தேதி இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற 29 வயது மாலுமி இதில் தன்னந்தனியாகப் புறப்பட்டார். எங்கும் கரை தொடாமல் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22-ந் தேதி அதே துறைக்குத் திரும்பினார். மொத்தம் 312 நாட்கள். போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே.

நடுக்கடலில் பாய் கிழிந்தால் தையற்காரரைத் தேடி எங்கே போவது? ஊசியும் நூலும் எடுத்துத் தாமே தைக்க வேண்டியதுதான். அப்படித் தைக்கும்போது ஒரு நாள் அவருடைய மீசையும் முடிச்சில் சேர்ந்து சிக்கிக்கொண்டது! கத்தி கைக்கு எட்டவில்லை. தலையை வெடுக்கென்று இழுத்து, கொஞ்சம் மீசையைப் பறிகொடுத்துத்தான் மீண்டார்.

தையலில் இருக்கிறது சூட்சுமம்

பாய் என்பது வெறும் தட்டைத் துணி அல்ல. சுமார் இரண்டடி அகலத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி வைத்துத் தைப்பார்கள். இந்த ஏற்றத்தை ஓரங்களில் கூட்டி, நடுவில் குறைத்தால் பாய்க்கு வயிறு விழும். வயிறு அதிகமானால் படகு ஓடுவதைவிடச் சாய்வதே மிகுதி. குறைந்தால் இளங்காற்றில் வேகம் பிடிக்காது.

முனை முக்கோணமான ஊசி. தேன்மெழுகு தடவிய நூல். ஊசியைத் தள்ள, உலோகத் தகடு பதித்த தோல் பட்டை ஒன்று உள்ளங்கையில். கருவிகள் இவ்வளவே. ஓரம் கிழியாதிருக்க, கயிற்றின் ஒவ்வொரு புரியையும் பிடித்துப் பாயோடு சேர்த்துத் தைப்பார்கள். இழுப்பு சீராக இல்லாவிட்டால் பாய் சுருங்கிவிடும்.

இன்றைய நிலை

பருத்திப் பாய் நனைந்தால் கனக்கும். ஈரத்தோடு சுருட்டினால் மக்கும். 1950-களில் செயற்கை இழைத் துணி வந்தது. இப்போது கம்ப்யூட்டர் அளவு சொல்ல, இயந்திரம் வெட்டுகிறது, தைக்கிறது. பழைய கப்பல்களுக்கும், பாயின் மூலை வளையங்களுக்கும்தான் கைத்தையல் மிஞ்சியிருக்கிறது.

ஆயினும் 1968-ம் ஆண்டுப் போட்டி அக்காலக் கருவி முறைகளோடு மீண்டும் நடத்தப்பட்டு வருகிறது. 2022-ல் தொடங்கிய போட்டியில், இந்தியக் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி 236 நாட்களில் உலகைச் சுற்றி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். இத்தகைய பயணத்தில் ஊசியும் நூலும் உணவுக்கும் நீருக்கும் அடுத்த துணை.

மரம் எவ்வளவு உறுதியானாலும், பாய் போன படகு மிதக்கும். ஊர் போய்ச் சேராது.